பத்துப் பேருக்கு ஒரு மின் குக்கர்

வீட்டில் அறிவியல் மாணவன் ஒருவன் இருந்துவிட்டால், எரிந்துபோன பியூசிலிருந்து ஒழுகும் குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவனையே கேட்பது நம்மவர் வழக்கம். சென்ற விடுமுறையில் கொள்ளேகாலில் எங்கள் வீட்டார் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பெரிய மின் குக்கர் ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எத்தனை லிட்டர் வாங்குவது?"

கேள்வி சிறியதுதான், ஆனால் அதன் பின்னணி சிறியதன்று. பட்டு நூல் தொழிலை நாடிச் சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. உண்பவர் பத்துப் பேர். காலை ஏழரை மணிக்குள் சோறும் குழம்பும் ஆகிவிட வேண்டும். அதற்காக அம்மா நான்கு மணிக்கு எழுகிறார். கொள்ளோ மொச்சையோ வேக வேண்டிய நாளில் மூன்று மணிக்கே எழுகிறார். ஆகவே, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் அந்தக் கருவி அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேர உறக்கத்தைத் திருப்பித் தருமா என்பதே உண்மையான கேள்வி. நம்மில் பலருடைய வீடுகளிலும் இதே நிலைதான் என்பதால், நான் போட்டுப் பார்த்த கணக்கை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பழைய கருவி, புதிய அடுப்பு

குக்கரின் தத்துவம் மிகப் பழமையானது. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர், இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பையும் மென்மையாக்கும் கருவியொன்றை 1679ஆம் ஆண்டு லண்டனில் இராயல் கழகத்தார்க்குக் காட்டினார். 1682இல் அக்கழகத்தினர் அக்கருவியில் சமைத்த விருந்தையே உண்டனர். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, அளவு மீறிய ஆவியை வெளியேற்றும் காப்பு வால்வு ஒன்றையும் பாப்பன் அமைத்தார். இன்று நம் குக்கரின் தலைமேல் ஆடும் வெயிட் அதன் வழித்தோன்றலே. நம் நாட்டில் பிரஸ்டீஜ், ஹாக்கின்ஸ் ஆகிய இரு குக்கர்களும் 1959ஆம் ஆண்டில் தோன்றின. அடியில் மின் அடுப்பையும் தானே நின்றுவிடும் ஏற்பாட்டையும் சேர்த்த மின் குக்கருக்குச் சீனாவில் 1991இல் காப்புரிமை பதிவாயிற்று. 2010இல் கனடாவிலிருந்து வந்த இன்ஸ்டன்ட் பாட் அதனை உலகெங்கும் பரப்பியது.

இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் நினைவுகூர வேண்டும். கொள்ளேகாலுக்கு அருகே காவிரி விழுகின்ற சிவனசமுத்திரத்தில் நீர் மின்சாரம் எடுக்கப்பட்டு, 1902இல் கோலார் தங்க வயலுக்குச் சென்றது. அன்று கொள்ளேகால் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் சுரங்கத்துக்கு முதலில் சென்றது. பிறகு தெருவிளக்குக்கும் ஆலைக்கும் சென்றது. அடுப்படிக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தது. வந்தபின்னாவது அதை அளந்து பயன்படுத்துவது நம் கடமையன்றோ?

அழுத்தமும் வெப்பமும்

திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால், எவ்வளவுதான் தீ மூட்டினாலும் அதன் வெப்பநிலை மேலே ஏறுவதில்லை. கடல் மட்டத்தில் அது 100 டிகிரி செல்சியஸ். கொள்ளேகால் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் மேலே இருப்பதால், காற்றழுத்தம் சற்றுக் குறைந்து, நீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மூடி இறுக்கப்பட்டு ஆவி அடைபடும்போதுதான் நீர் அந்த எல்லையைத் தாண்டிச் சூடேறுகிறது.

அடுப்பில் வைக்கும் நம் குக்கர், வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இயங்குகிறது. பழைய கணக்கில் சொன்னால், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. அப்போது உள்ளே நம் ஊரில் சுமார் 119 டிகிரி வெப்பம் இருக்கும். மின் குக்கர்களில் பலவும் 70 முதல் 80 கிலோபாஸ்கல் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 70 என்று கொண்டால், உள்ளே வெப்பம் 114 டிகிரிதான்.

ஐந்து டிகிரி பெரிதா என்று கேட்கலாம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது நாம் படித்த பொது விதி. அதன்படி, அடுப்புக் குக்கரில் பத்து நிமிடத்தில் வேகும் பயறு, மின் குக்கரில் பதினான்கு நிமிடம் எடுக்கும். ஆகவே மின் குக்கரின் முதல் உண்மை இதுதான்: அது அடுப்புக் குக்கரைவிட வேகமானதன்று.

வாட் கணக்கு

இரண்டாவது உண்மை, அது சூடேற எடுக்கும் நேரம். மூன்று லிட்டர் அளவுள்ள குழம்பை 25 டிகிரியிலிருந்து 115 டிகிரிக்கு உயர்த்த, சுமார் 1,130 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1000 வாட் குக்கர் ஒரு நொடிக்கு ஒரு கிலோஜூல் தருகிறது. ஆகவே, வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும் 19 நிமிடம் ஆகும். நான்கு லிட்டர் என்றால் 25 நிமிடம். எட்டு லிட்டர் குக்கரை அதன் முழு எல்லை வரை நிரப்பினால் 33 நிமிடம். 1200 வாட் கருவியானால் 28 நிமிடம்.

விளம்பரத்தில் "பயறு இருபது நிமிடம்" என்று போட்டிருந்தால், அந்த இருபது நிமிடம் இந்தச் சூடேறும் நேரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை மறத்தலாகாது. வெந்தபின் அழுத்தம் தானாக இறங்கவும் இன்னொரு கால் மணி, இருபது நிமிடம் வேண்டும். எல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம்!

அப்படியானால் இதனால் என்ன பயன்? பயன் வேறிடத்தில் இருக்கிறது. அடுப்புக் குக்கருக்கு ஒருவர் காவல் நிற்க வேண்டும், விசிலை எண்ண வேண்டும், தீயைக் குறைக்க வேண்டும், அணைக்க வேண்டும். மின் குக்கரோ, இட்ட வேலையை முடித்துத் தானே நின்றுவிடுகிறது. நேரத்தை அது மிச்சப்படுத்துவதில்லை, காவலைத்தான் மிச்சப்படுத்துகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தெளிவாகிவிடும். பலவற்றில் நேரம் குறித்து வைக்கும் வசதி உண்டு. இரவில் ஊறவைத்த பயற்றை அதே நீரோடு உள்ளே வைத்து, ஐந்து மணிக்குத் தொடங்குமாறு குறித்துவிட்டால், ஆறு மணிக்குப் பயறு வெந்திருக்கும். அதற்காக மூன்று மணிக்கு ஒருவர் எழ வேண்டியதில்லை. எனவே, நம் வீட்டுக்கு இன்றியமையாதது அந்த வசதியே. பெட்டிமேல் அச்சிட்ட பதினைந்து பொத்தான்கள் அல்ல.

லிட்டர் கணக்கு

"பெரியதாகவே வாங்கிவிடுங்கள்" என்பது கடைக்காரர் அறிவுரை. ஆனால், பெட்டியில் எழுதியுள்ள லிட்டர் முழுவதும் நமக்குப் பயன்படுவதில்லை. ஆவிக்கு இடம் வேண்டும். ஆகவே, எந்தக் குக்கரையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு, பயறு, அரிசி போன்றவற்றைப் பாதிக்கு மேல் நிரப்பாதிருப்பதே நன்று. 6 லிட்டர் குக்கரில் பயறு சமைக்க 3 லிட்டர் இடமே உண்டு. 8 லிட்டரில் 4 லிட்டர்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். பத்துப் பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். ஊறியபின் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகும். வேக வேண்டிய நீரோடு சேர்த்தால் இரண்டரை லிட்டர் கொள்ளும். ஆகவே அதற்கு 6 லிட்டர் குக்கரே தாராளம்.

சோறு? ஒரு கிலோ அரிசியும் நீரும் வெந்து பொங்கினால் மூன்றரை லிட்டருக்கு மேல் வரும். 6 லிட்டர் குக்கரில் அது பாதியைத் தாண்டிவிடும். சோற்றையும் அதிலேயே ஆக்க விரும்பினால் 8 லிட்டர்தான் பொருந்தும். ஆனால் சோறு விரைவில் வெந்துவிடுவது. எரிவாயு அடுப்பில் அதை ஆக்குவது எவர்க்கும் சுமையன்று. காவல் நிற்க வைப்பது பயறுதான். ஆகவே பயற்றை மின்சாரத்துக்கும் சோற்றை எரிவாயுவுக்கும் பிரித்துக் கொடுத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்.

"பண்டிகைக்கு இருபது பேர் வருவார்களே!" என்று எங்கள் அத்தை கேட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பரணில் இருக்கும் பெரிய அண்டா இறங்கட்டும். ஆண்டில் நான்கு நாளுக்காக வாங்கினால், மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய பாத்திரத்தைத் தூக்குவதும் கழுவுவதும் யார்? 8 லிட்டர் குக்கரின் உள்பாத்திரத்தில் ஐந்து லிட்டர் குழம்பு இருந்தால், பாத்திரத்தின் எடை நீங்கலாகவே ஐந்து கிலோ. அதுவும் கொதிக்கக் கொதிக்க! தோள்வலி உள்ளவர் அதை நாள்தோறும் தூக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கீழே பருப்பும் மேலே சோறுமாக அடுக்கு வைத்துச் சமைப்பவர்கள், தம் அடுக்குப் பாத்திரங்களைக் கடைக்கே எடுத்துச் சென்று உள்பாத்திரத்தில் இறங்குகிறதா என்று பார்த்து வாங்குக. இங்கு நாம் விரும்பி உண்ணும் கேழ்வரகுக் களிக்கோ, எந்த மின் குக்கரும் உதவாது. அதற்குத் துடுப்பும் தோளும்தான் வேண்டும்!

விசில் போய் நிமிடம் வந்தது

நம் பாட்டிமார் காலத்து அளவு விசில். "துவரைக்கு நான்கு, கொள்ளுக்கு எட்டு" என்பது ஒவ்வொரு வீட்டுச் சொத்து. ஆனால் விசில் என்பது காலத்தின் அளவன்று. தீ பெரிதாக இருந்தால் விரைந்து வரும். சிறிதாக இருந்தால் தாமதிக்கும். மின் குக்கரில் விசிலே கிடையாது. ஆதலால் வீட்டார் நிமிடக் கணக்கைப் புதிதாகக் கற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு தாளில் பயறு, ஊறிய நேரம், நீரின் அளவு, வெந்த நிமிடம் ஆகிய நான்கையும் குறித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதானே?

ஆவி வெளியேறாததால் நீர் வற்றுவதும் குறைவு. வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தே ஊற்ற வேண்டும். புளியை முதலிலேயே சேர்த்தால் பயறு மென்மையாவது தாமதமாகும். வெந்தபின் சேர்ப்பதே முறை.

காக்க வேண்டியவை

மின் குக்கரில் மூடிப் பூட்டு, ஆவி வால்வு, அளவு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பியூஸ் ஆகியவை உண்டு. பல கருவிகளில், உள்ளே அழுத்தம் ஏறியதும் பாத்திரத்தின் அடி கீழே அமுங்கி, அதுவே மின்சாரத்தை நிறுத்துகிறது. எனினும், வால்வில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால் எந்த ஏற்பாடும் முழுப்பயன் தராது. ஆகவே மூடியைக் கழற்றி வால்வையும் ரப்பர் வளையத்தையும் எளிதில் கழுவ முடிகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும்; அந்த வளையம் நம் ஊரில் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மின் குக்கர் வாங்கும்போதும் முத்திரையைத் தேடுக. 1200 வாட் கருவி 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கு உரிய 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் நீட்டிப்பு வயரில் மாட்டுவது ஆபத்து. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் அடுப்படியில் இல்லாவிட்டால், குக்கருக்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும். மின்சாரம் நின்று வந்தால் கருவி விட்ட இடத்திலிருந்து தொடருமா என்றும் கேட்டறிய வேண்டும்.

சில கருவிகளில் "மெதுச் சமையல்" என்றொரு பொத்தான் இருக்கிறது. ராஜ்மா போன்ற சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. நன்கு கொதித்தால் அது அழியும். கொதிநிலையை எட்டாத மெதுச் சமையலில் முற்றும் அழிவதில்லை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். ஆகவே அந்தப் பயற்றை எப்போதும் அழுத்தத்திலேயே வேகவைக்க வேண்டும்.

தேர்ந்த முடிவு

மேற்கண்ட கணக்கின்படி நான் வீட்டாருக்குச் சொன்னது: 6 லிட்டர், 1000 வாட், நேரம் குறிக்கும் வசதி, துருப்பிடிக்காத எஃகு உள்பாத்திரம். ஒரு வேளைக் கடலைக்கு மின்சாரம் அரை யூனிட் அளவே ஆகும். சோற்றுக்குப் பழைய குக்கர் அப்படியே இருக்கட்டும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இதைவிடச் சிறியதே போதும். பதினைந்து பேர் உள்ள வீட்டுக்கோ, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஆக்குவோர்க்கோ 8 லிட்டர் தகும்.

நண்பர்களே! அழுத்தம், கொதிநிலை, வாட் என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடங்கள், நமக்குச் சோறிடும் கைகளுக்கு ஒரு மணி நேர ஓய்வைத் தருமானால், அதைவிட நல்ல மதிப்பெண் வேறில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கடைக்குச் செல்லுமுன் அடுப்படிக்குச் செல்லுங்கள். உண்பவர் எத்தனை பேர், நெடுநேரம் வேகும் பண்டம் எது, காவல் நிற்பவர் யார் என்று கேளுங்கள். விடை அங்கேயே கிடைக்கும்.