உள்ளத்தை ஆராயும் இயல்

முன்னுரை

கண்ணுக்குத் தெரியாத உள்ளத்தை அளக்க முடியுமா? முடியாது என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றித் தனி நூல் எழுதினார். புனித அகுஸ்தினார் நினைவாற்றலின் வியப்பை ஆழ்ந்து சிந்தித்தார். ஆயினும் இவை தத்துவமாகவே நின்றன. உளவியல் தனி அறிவியலாக மலர்ந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

அளவையின் தொடக்கம்

ஜெர்மனியில் வேபர் என்னும் பேராசிரியர், கையிலுள்ள எடையோடு எவ்வளவு சேர்த்தால் வேறுபாடு தெரிகிறது என்று சோதித்தார். முதலில் உள்ள எடை கூடக் கூட, சேர்க்க வேண்டிய அளவும் அதே விகிதத்தில் கூடியது. இருண்ட அறையில் ஓர் அகலின் பக்கத்தில் இன்னோர் அகலை ஏற்றினால் உடனே தெரிகிறது. கார்த்திகைத் தீபத்தன்று நம் ஊர் வீதிகளில் ஒரு விளக்கு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை அல்லவா? உணர்வுக்கும் கணக்கு உண்டு என்பதை ஃபெக்னர் 1860இல் நூலாக விரித்தெழுதினார்.

1879ஆம் ஆண்டு வில்லெம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கெனச் சோதனைச்சாலை அமைத்தார். ஓர் ஒலியைக் கேட்டவுடன் விசையை அழுத்த எவ்வளவு நேரமாகிறது என்பன போன்றவை அங்கு அளக்கப்பட்டன. எட்வர்ட் பேஸ் என்னும் கத்தோலிக்கக் குருவும் 1891இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவியருக்குப் பயன்படும் ஆய்வுகள்

எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதலில் விரைவாக மறந்துபோகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களை இடைவிட்டுத் திரும்பப் படிப்பதே நினைவில் தங்கும். தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் கண்விழிக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

பிரான்சில் ஆல்பிரட் பினே, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய 1905இல் சீமோனுடன் சேர்ந்து ஒரு தேர்வுமுறையை வகுத்தார். பிள்ளைக்கு உதவுவதே அவரது நோக்கம். ஒருவரின் அறிவு என்றும் இவ்வளவுதான் என்று முத்திரையிடுவதை அவர் ஏற்கவில்லை. பயிற்சியால் அறிவு வளரும் என்றே நம்பினார்.

மேரி கால்கின்ஸ் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குரிய அனைத்தையும் முடித்தும், பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டார். ஆயினும் அவரே 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

இந்திய மண்ணில்

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியது. அதற்குத் தலைமையேற்றவர் நரேந்திரநாத் சென்குப்தா. அந்நகரின் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி, ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். மைசூரில் 1924இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் இத்துறை தோன்றியது. சென்னையில் அதை வளர்த்தவர் ஜி. டி. போவாஸ்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இரமண மகரிஷியைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் எழுதிய ஜெர்மன் நூலுக்கு 1944இல் முன்னுரை எழுதியவர், புகழ்பெற்ற உளவியலறிஞர் கார்ல் யுங். மகரிஷியின் 'நான் யார்?' என்னும் வினா, ஒருவர் தமக்குள் தாமே தேட வேண்டியது. அறிவியலோ, ஒருவர் கண்டதைப் பிறரும் சோதித்துப் பார்க்கும்படி கேட்கிறது. இரண்டின் வழியும் வேறு என்று அறிந்தால் குழப்பமில்லை.

உளவியலின் உடன்பிறப்பான மனநல மருத்துவத்தில் சாரதா மேனன் 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் மறைந்தார்.

முடிவுரை

இவ்வளவு வளர்ந்த பின்னும், மனம் நொந்தவரைப் 'பைத்தியம்' என்றும், மெல்லக் கற்பவரை 'மக்கு' என்றும் அழைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். தூக்கமின்றியும் காரணமறியாத அச்சத்திலும் தவிக்கும் தோழியையோ 'இதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறோம். அவள் அருகில் அமர்ந்து கேட்போம். அவளைத் தனியே விடாமல் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ அழைத்துச் செல்வோம். 2022இல் தொடங்கிய 14416 என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணையும் நினைவில் கொள்வோம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பிறர் உள்ளத்தை மதிக்கும் பெண்களாக வளர நாம் அனைவரும் முயல்வோமாக!