வீட்டுப் புகையும் தொட்டில் குழந்தையும்



புகை பிடிப்பவர் தம் சுவாசப்பையைக் கெடுத்துக்கொள்ளுகிறார் என்பது எல்லாரும் அறிந்த சங்கதி. அதே அறையில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு என்ன நேரிடுகிறதென்று நம்மில் பலர் நினைப்பதேயில்லை.

பீடியோ சிகரெட்டோ எரியும்போது இருவகைப் புகை உண்டாகிறது. பிடிப்பவர் இழுத்து வெளியே விடுவது ஒன்று. இழுக்காத நேரத்தில் எரியும் நுனியிலிருந்து தானாகவே கிளம்புவது மற்றொன்று. அறையில் நிறைவது பெரும்பாலும் இரண்டாவது புகையே. குறைந்த சூட்டில் கருகி எழுவதால் இதில் நஞ்சும் அதிகம். புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உண்டென்றும், அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை விளைவிப்பவை என்றும் வைத்திய சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள்.

நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சிளங்குழந்தையோ ஏறக்குறைய 40 தடவை விடுகிறது. புகை வருகிறதென்று எழுந்து வெளியே போகவும் அதற்கு இயலாது. மார்ச்சளி, நிமோனியா, காதில் சீழ், ஆஸ்துமா இழுப்பு ஆகியவை இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம். ஒரு வயது நிறையாத சிசு தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் அபாயமும் கூடுகிறது.

“ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, சுவாமி?” என்பார்கள். காற்றோட்டம் செய்வதால் இந்தத் தீங்கை முற்றிலும் நீக்க முடியாதென்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் 2006-ம் ஆண்டு அறிக்கையில் தெளிவாய்ச் சொல்லியாயிற்று. மேலும், புகை மறைந்தாலும் அதன் படிவு சட்டையிலும் தலைமயிரிலும் பாய் தலையணையிலும் தங்கிவிடுகிறது. ஞானஸ்நானத்துக்கு வரும் குழந்தையின் துவாலையிலேயே பீடி நாற்றம் வீசுவதுண்டு; கேட்டால், தகப்பனார் தெருவில்தான் பிடிக்கிறாராம்! ஆகவே வெளியே பிடித்துவிட்டு வருகிறவர் கை, வாய் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பொது இடங்களில் புகை பிடிப்பதற்கு நம் நாடு முழுவதும் 2008 அக்டோபர் 2 முதல் தடையுண்டு. வீட்டு வாசற்படிக்குள் அந்தச் சட்டம் நுழையாது. அங்கே யார் சொல்வது? மாமனார் திண்ணையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தால், மருமகள் உள்ளேயிருந்து மனம் பதைப்பாளேயன்றி வாய் திறக்கமாட்டாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் போடுவது நியாயமன்று. சொல்ல வேண்டியவன் மகன். அதையும் குற்றஞ்சாட்டுவதுபோல் சொல்ல வேண்டாம். “அப்பா, பிள்ளைக்குச் சளி விடமாட்டேனென்கிறது, வெளியே போய்ப் பிடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து தூக்குங்கள்” என்றால் போதும். பேரன்மேல் உயிராயிருக்கிறவர் அதைத் தள்ளமாட்டார். ஆனால் மகனே சிகரெட்டும் கையுமாக நின்று இதைச் சொன்னால் எடுபடாது.

விட்டுவிட விரும்பியும் முடியாமல் தவிப்பவர்கள் மத்திய அரசாங்கம் நடத்தும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.