சின்னஞ்சிறு ஜெட் விமானம்: ஒரு மாணவியின் கேள்விக்கு விடை



அறிவியல் மன்றக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், கைபேசியில் ஒரு படம் பார்த்தேன். ஆள் இல்லாத குட்டி ஜெட் விமானம். நிஜ ஜெட் மாதிரியே இரைச்சல். மண்ணெண்ணெயில் ஓடுகிறதாம். நம் பள்ளி மைதானத்தில் அதைப் பறக்க விட முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்றோ முடியாது என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் காரணம் தெரியாத விடையால் பயன் என்ன? ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஜெட் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது?

ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால் காற்று பின்னே பாய்கிறது. பலூன் முன்னே ஓடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நாம் வகுப்பில் கூறும் உதாரணம் இது. ஜெட் எஞ்சினுக்கும் இதுவே அடிப்படை. ஆனால் பலூனில் காற்று தீர்ந்ததும் ஓட்டம் நின்றுவிடும். ஜெட் எஞ்சினோ முன்புறம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கொல்லன் உலைக்களத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் துருத்தி ஊத, நெருப்பு சீறி எரியும். அந்த நெருப்பே துருத்தியையும் ஊதிக்கொண்டால் எப்படியிருக்கும்? ஜெட் எஞ்சினில் நடப்பது அதுதான். முன்னே உள்ள அமுக்கிச் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. நடுவிலுள்ள எரியறையில் எரிபொருள் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது. விரிந்து பாயும் அவ்வெப்பக் காற்று பின்னே உள்ள டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. டர்பைனும் அமுக்கியும் ஒரே தண்டில் பொருத்தப்பட்டிருப்பதால், டர்பைன் சுழலும்போது அமுக்கியும் சுழல்கிறது. எஞ்சிய வேகத்தோடு காற்று பின்குழாய் வழியே வெளியேற, விமானம் முன்னே தள்ளப்படுகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மாதிரி விமான எஞ்சின் ஒன்று வினாடிக்கு கால் கிலோகிராம் காற்றை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளுகிறது எனக் கொள்வோம். நின்ற நிலையில் அதன் தள்ளுவிசை 0.25 × 400 = 100 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. எஞ்சினின் எடையோ ஒன்றரை கிலோகிராமுக்குள் அடங்கிவிடும்.

இது வந்த வரலாறு

இங்கிலாந்தின் பிராங்க் விட்டில் 1930 ஆம் ஆண்டு ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். ஆயினும் முதலில் பறந்தது ஜெர்மனியின் ஹைன்கெல் 178 விமானம். ஹான்ஸ் வான் ஒஹைன் உருவாக்கிய எஞ்சினுடன் 1939 ஆகஸ்டு 27 அன்று அது வானில் எழுந்தது. விட்டிலின் எஞ்சின் பூட்டிய விமானம் 1941 மே 15 அன்று பறந்தது.

பெரிய எஞ்சினைச் சிறிதாக்குவது எளிதென்று நினைக்கலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. சக்கரம் சிறுத்தால், காற்றைப் போதிய அளவு அழுத்த அது இன்னும் அதிக வேகத்தில் சுழல வேண்டும். வானொலியால் இயக்கப்படும் மாதிரி விமானம் டர்பைன் எஞ்சினால் பறந்தது 1983 ஆம் ஆண்டு இங்கிலாந்தில்தான். அதன் பின் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங், கரிம இழை சுற்றி வலுவூட்டிய மரத்தாலேயே அமுக்கிச் சக்கரம் செய்து, வீட்டுப் பட்டறையில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். மரச்சக்கரமா என்று வியக்காதீர்கள். அமுக்கி இருப்பது குளிர்ந்த முன்பக்கத்தில். பின்பக்கத்து டர்பைன் மட்டுமே நெருப்பில் வேகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. பெங்களூரிலுள்ள வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய 'லக்ஷ்யா' என்னும் ஆளில்லா ஜெட் விமானமே அது. பீரங்கி, ஏவுகணை வீரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்கான இலக்கு அது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்த எஞ்சின் அதில் பூட்டப்பட்டது. ராக்கெட் உந்த மேலெழுந்து, தரையிலிருந்து வரும் வானொலி ஆணைப்படி பறந்து, பணி முடிந்ததும் பாராசூட்டில் இறங்கும். ஒடிசாவின் சண்டிப்பூரில் பலமுறை சோதிக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு விமானப்படையில் சேர்க்கப்பட்டது. இந்த நிறுவனத்தில்தான் இளம் பொறியாளராக இருந்த அப்துல் கலாம் 'நந்தி' என்ற காற்று மெத்தை வாகனத்தை உருவாக்கும் குழுவை நடத்தினார்.

ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்தைத் தொட்டு வரும் காவேரியின் பெயரையும் ஒரு ஜெட் எஞ்சின் தாங்கி நிற்கிறது. 1989 இல் அனுமதி பெற்ற அத்திட்டம், தேஜஸ் போர் விமானத்திற்குத் தேவையான அளவை எட்டாததால் 2008 இல் அவ்விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அறிஞர் பலர் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்தும் எளிதில் வசப்படாத கலை இது. ஆகவே சிறு எஞ்சினையும் நாம் விளையாட்டாக எண்ணலாகாது.

எவ்வளவு வேகம்? எவ்வளவு வெப்பம்?

மாதிரி எஞ்சினின் டர்பைன் சக்கரம் நம் உள்ளங்கைக்குள் அடங்கும். குறுக்களவு சுமார் 66 மில்லிமீட்டர். அது நிமிடத்திற்கு 1,20,000 சுற்று, அதாவது வினாடிக்கு 2,000 சுற்று சுழல்கிறது எனக் கொள்வோம். அதன் விளிம்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 415 மீட்டர். ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர்தான்! வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். விளிம்பிலுள்ள ஒரு கிராம் உலோகத்தை வட்டப்பாதையில் பிடித்து வைக்க, 500 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை வேண்டும். வெளியேறும் காற்றின் வெப்பமோ 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை.

இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். பின்வரும் விதிகள் யாவும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

பறப்பதற்கு முன்

முதலாவது, ஈர்ப்பு மையம். எரிபொருள் தொட்டி காலியாக இருக்கும்போதே விமானம் குறித்த இடத்தில் சமநிலையில் நிற்க வேண்டும். மூக்குப் பக்கம் சற்றுக் கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்தால் அடக்க முடியாமல் விழும்.

இரண்டாவது, எரிபொருள். மண்ணெண்ணெயுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் எண்ணெய் கலப்பது வழக்கம். இக்கலவையின் ஒரு சிறு பகுதியே சுழலும் தண்டின் பேரிங்குகளுக்கு உயவாகவும் செல்கிறது. எண்ணெயை மறந்தால் பேரிங் தீய்ந்துவிடும். தூசு புகாமல் வடிகட்டியும், காற்றுக் குமிழ் புகாமல் ஒரு சிறு இடைத்தொட்டியும் வைப்பார்கள். ஒரே ஒரு பெரிய குமிழ் போதும், நடுவானில் எஞ்சின் அணைந்துபோகும்.

மூன்றாவது, வானொலிக் கட்டுப்பாடு. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கமே சாய்கிறதா என ஒவ்வொரு இறக்கை மடலையும் கண்ணால் பார்க்க வேண்டும். தொலைவிலும் தொடர்பு நிலைக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். வானொலித் தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானாகவே நின்றுவிடுமாறு முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு இழந்த விமானம் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தால் எங்கே போய் மோதும் என்று யாரால் சொல்ல முடியும்?

எஞ்சினை இயக்குதல்

இதற்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒருவர் விமானத்தையும் கருவியையும் கவனிக்க, மற்றவர் கரியமில வாயுத் தீயணைப்பானுடன் தயாராக நிற்பார். தூள் தீயணைப்பான் எஞ்சினின் உள்ளே புகுந்து அதைப் பாழாக்கும் என்பதால் வாயுவையே விரும்புவர். விமானத்தின் மூக்கைக் காற்று வீசும் திசை நோக்கி நிறுத்துவர். முன்புறம் யாரும் நிற்கலாகாது, எஞ்சின் இழுத்துக்கொள்ளும். பின்புறமும் நிற்கலாகாது, சுட்டுவிடும். டர்பைனுக்கு நேர் பக்கவாட்டிலும் நிற்கலாகாது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் பாயும் திசை அதுவே. மேலே சொன்ன 500 கிலோகிராம் கணக்கு நினைவிருக்கிறதல்லவா?

சிறு மின்மோட்டார் தண்டைச் சுழற்றத் தொடங்கும். எரியறையில் தீ பற்றும். வெப்பத்தையும் சுற்றையும் அளந்தவாறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளைச் சிறுகச் சிறுகக் கூட்டும். நிமிடத்திற்குச் சுமார் 35,000 சுற்றை எட்டியதும் எஞ்சின் தன் காலில் தானே நிற்கும். பறந்து முடிந்து அணைத்த பிறகும் வேலை முடியவில்லை. மோட்டார் மீண்டும் மீண்டும் சுழன்று, வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தும்.

பறத்தலும் இறங்குதலும்

விசிறி விமானத்தில் விசையைக் கூட்டியவுடன் இழுவை கிடைக்கும். ஜெட்டில் அப்படியன்று. குறைந்த வேகத்திலிருந்து முழு வேகத்திற்கு வரச் சில வினாடிகள் ஆகும். ஆகவே ஆபத்து நேர்ந்த பின் விசையைக் கூட்டினால் பயனில்லை. முன்னதாகவே எண்ணிச் செயல்பட வேண்டும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இரண்டு வினாடியில் சுமார் 140 மீட்டர் கடந்துவிடும். ஒருமுறை தும்மி நிமிர்வதற்குள் அது கண்ணுக்குப் புள்ளியாகிவிடும்.

எரிபொருளே கடைசிப் பாடம். முழு வேகத்தில் நிமிடத்திற்கு 350 மில்லிலிட்டர் செலவாகும் எஞ்சினுக்கு 3 லிட்டர் தொட்டி எட்டரை நிமிடம் வரும். ஆயினும் நல்ல விமானி ஆறாவது நிமிடத்திலேயே இறங்கத் தொடங்குவார். முதல் முறை இறக்கம் சரியாக அமையாவிட்டால், மீண்டும் மேலெழுந்து ஒரு சுற்று வர மீதமுள்ள 900 மில்லிலிட்டர் கைகொடுக்கும். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற ஆசைக்கு இடங்கொடாதவரே நல்ல விமானி.

ஆகவே விடை என்ன?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். நம் பள்ளி மைதானத்தில் முடியாது. நூறு, இருநூறு மீட்டர் நீளமுள்ள சமமான ஓடுதளமும், அதைச் சுற்றி ஆளில்லாத வெளியும் அதற்கு வேண்டும். நமக்கு ஒருபுறம் வகுப்பறைகள், மறுபுறம் வீடுகள். சற்றுத் தள்ளினால் மலையேறி வரும் பக்தர் கூட்டம். பங்குனி, சித்திரையில் தீர்த்தமலை அடிவாரத்துப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மண்ணெண்ணெயும் கொதிக்கும் எஞ்சினும் அதன்மேல் விழுந்தால், ஆடு மாடுகளின் மேய்ச்சலும் மலைக்காடும் என்னாவது?

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2021 ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரி விமானங்களைத் தனி வகையாக ஏற்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள்ளேயே பறக்கவிட வேண்டும் என்கின்றன. வான்வெளி வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருப்பதைப் பார்த்த பின்னரே எதையும் மேலே அனுப்ப வேண்டும்.

ஆனால் மாணவியே, "இங்கே முடியாது" என்பதற்கு "உன்னால் முடியாது" என்று பொருளன்று. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது ஒரு பயிற்சியாகவே உள்ளது. மாணவியரும் அதில் சேரலாம். 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நம் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றனர். அவர்களும் எளிய பயிற்சி விமானத்தில் தொடங்கிப் படிப்படியாகவே ஜெட்டுக்கு வந்தவர்கள். முதலில் காகித விமானம், பிறகு கையால் எறியும் மரச்சட்ட விமானம், பிறகு மின்மோட்டார் விமானம், அதற்கும் பிறகே டர்பைன். படியைத் தாண்டிக் குதித்தால் மலையேற முடியாது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

1. தடித்த தாளில் காகித விமானம் ஒன்று மடியுங்கள். காகிதக் கவ்வி ஒன்றை முதலில் மூக்கிலும், பின்பு நடுவிலும், பின்பு வாலிலும் பொருத்தி, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை எறியுங்கள். சென்ற தூரத்தை அளந்து சராசரி காணுங்கள். ஈர்ப்பு மையம் எங்கே இருக்க வேண்டும்?

2. 3 லிட்டர் கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் என்றால், எண்ணெய் எத்தனை மில்லிலிட்டர்?

3. விமானி ஆறாவது நிமிடத்திற்குப் பதில் எட்டாவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கினால், முழு வேகத்தில் இன்னும் எத்தனை வினாடி பறக்கலாம்? அது போதுமா? ஏன்?

மூன்றாம் வினாவின் கடைசிப் பகுதிக்கு விடையை எண்ணில் எழுத வேண்டாம். சொற்களில் எழுதிக்கொண்டு வாருங்கள். கேள்வி கேட்ட மாணவி முதலில் வரட்டும்.