ஒரு படமும் நான்கு சொற்களும்

தமிழ் வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு ஆங்கிலச் சொல் என்றாலே அச்சம். முதலாண்டில் நான் நாளொன்றுக்கு இருபது சொற்களை மனப்பாடம் செய்தேன். மறுவாரம் இரண்டுகூட மிஞ்சவில்லை. சொல்லோடு பொருளும் கண்முன் நிற்காததே காரணம். எனவே, நண்பர்களே, ஒரு புகைப்படத்தைப் பார்ப்போம்.

1954 செப்டம்பர் 15. நியூயார்க் நகரின் லெக்சிங்டன் அவென்யூ. இரவு நேரம். சுரங்க ரயில் பாதையின் இரும்புக் கிராதி மேல் நடிகை மர்லின் மன்றோ நிற்கிறார். கீழிருந்து எழும் காற்றில் அவரது ஆடை குடைபோல் விரிகிறது. சுற்றிலும் புகைப்படக்காரர்கள். ஆடையை வடிவமைத்தவர் வில்லியம் டிராவில்லா.

1. ஷூட்: சுடுதல் என்பது பொருள். புகைப்படக்காரர் 'ஷூட்' செய்தார் என்றால் படம் எடுத்தார் என்று கொள்க.

2. ஐவரி: யானைத் தந்தம், தந்தம்போல் சற்றே மஞ்சள் கலந்த வெண்மையையும் குறிக்கும். அந்த ஆடையின் நிறம் இதுவே.

3. ஹால்டர்: குதிரையை நடத்திச் செல்லும் தலைக்கயிறு. தோளை விட்டுக் கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஆடைக்கும் அப்பெயர் வந்தது.

4. பிளீட்: துணியின் மடிப்பு. ஓர் ஆயத்த ஆடை நிறுவன நேர்முகத் தேர்வில் இச்சொல்லுக்குப் பொருள் தெரியாமல் விழித்தேன். அம்மா நாள்தோறும் வைக்கும் சேலைக் கொசுவம்தான் அது என்று பின்னரே அறிந்தேன். பொருள் என் வீட்டில் இருந்தது, சொல்தான் இல்லை.

இந்நான்கையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அந்த ஆடை 2011இல் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நமக்கோ நான்கு சொற்கள் காசின்றிக் கிடைத்தன.