மறுபயனுக்குரிய கழிவுநீரும் மின்னாற்பகுப்பும்

நகரக் கழிவுநீரை வெறும் சுமையாகக் கருதிய நிலை மாறி, அதனை நீர்வளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடும் நிலை நம் நாட்டில் ஏற்பட்டுள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட விவரப்படி, நகரங்களில் நாள்தோறும் 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது; உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,024 கோடி லிட்டர்தான். சுத்திகரிப்பு என்னும் சொல்லும் ஓரளவு மயக்கம் தருவதே. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு கரிமப் பொருள்களைக் குறைக்கிறது; நோய்க் கிருமிகளை முற்றிலும் அகற்றுவதில்லை.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இதன் விளைவைக் காணலாம். பெங்களூரின் கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து, இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018 முதல் அங்குள்ள ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். வறண்ட ஏரிகள் நிறைந்தன. நிலத்தடி நீர் உயர்ந்தது. ஏரி நீர் மண்ணில் ஊறிக் கிணறுகளைச் சேர்வதால், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டுமா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. வினா நியாயமானதே.

கிருமி நீக்கத்திற்கு வழக்கமான பொருள் குளோரின். அதனை உருளைகளில் அடைத்து ஊருக்குள் கொண்டுவருவதில் ஆபத்து உண்டு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான இவ்வாயு கசிந்தால் தாழ்வான இடங்களில் தங்கிவிடும். மும்பை சேவ்ரியில் 2010 ஜூலையில் பழைய உருளையிலிருந்து கசிந்த குளோரின் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. குளோரினைத் தேவைப்படும் இடத்திலேயே மின்சாரத்தால் உண்டாக்கும் முறை கவனத்திற்குரியதாவது இதனால்தான்.

தத்துவம் எளியது. உப்புநீரில் மின்னோட்டம் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் தோன்றும். குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிக் கிருமிகளை அழிக்கிறது. ருதேனியம், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள் 1960-களில் உருவானதே இத்தொழிலை நிலைநிறுத்தியது.

இதில் இரு வழிகள் உள்ளன. தனித் தொட்டியில் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் கழிவுநீரில் கலப்பது ஒன்று. கழிவுநீரில் இயல்பாகவே உள்ள குளோரைடைக் கொண்டு, அந்நீரையே மின்வாய்களிடையே செலுத்துவது மற்றொன்று. இரண்டாவதற்கு உப்புச் செலவில்லை. எனினும் குளோரைடு குறைவாக இருந்தால் மின்சாரத்தின் பெரும்பகுதி ஆக்சிஜனை உண்டாக்குவதில் வீணாகும். மின்தடை நேர்ந்தால் இவ்வழி நின்றுவிடும். கிருமிகள் மின்தடைக்காகக் காத்திருப்பதில்லை. முதல் வழியில் கரைசலைச் சேமித்து வைக்கலாம்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். முதல் வழியில் ஒரு கிலோ குளோரினுக்குச் சுமார் 3 முதல் 3.5 கிலோ உப்பும், 4 முதல் 5 யூனிட் மின்சாரமும் ஆகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் போதுமெனில், பத்து லட்சம் லிட்டருக்கு 5 கிலோ குளோரின், அதாவது 20 முதல் 25 யூனிட் மின்சாரம். இது பெரிய செலவன்று. ஆனால் கழிவுநீரில் அம்மோனியா மிஞ்சியிருந்தால் கணக்கு தலைகீழாகும். அம்மோனியாவோடு சேரும் குளோரின், வீரியம் குறைந்த குளோரமைனாக மாறிவிடும். அதனைத் தாண்டித் தனிக் குளோரின் கிடைக்க, அம்மோனியா நைட்ரஜனின் எடையைப் போல் 7.6 மடங்கு குளோரின் கோட்பாட்டளவில் வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், அதே பத்து லட்சம் லிட்டருக்கு 152 கிலோ. மின்சாரம் மட்டுமே 600 யூனிட்டைத் தாண்டும். ஆகவே காற்றூட்டத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றாத நிலையங்களில் இக்கருவியை வாங்கிப் பொருத்துவது வீண் முதலீடே. முதலில் செலவிட வேண்டிய இடம் அத்தொட்டிதான்.

குடற்புழு முட்டைகளைக் குளோரின் எளிதில் கொல்வதில்லை. கீரையும் காய்கறியும் விளையும் நிலங்களுக்கு முன்னதாக மணல் வடிகட்டல் அவசியம். கரிமப் பொருள் மிஞ்சிய நீரில் டிரைஹாலோமீத்தேன்களும், மின்னாற்பகுப்பில் குளோரேட்டும் உண்டாகக்கூடும். நிலத்தடி நீரோடு கலக்கும் ஏரிகளில் இவற்றையும் அளந்தாக வேண்டும்.

பராமரிப்பிலும் கண்டிப்பு தேவை. கடின நீரில் எதிர்மின்வாயின் மீது சுண்ணப் படிவு ஏறும். அமிலத்தால் கழுவாவிடில் மின்செலவு கூடும். ஹைட்ரஜன் தேங்காதபடி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். பூச்சு தேய்ந்த தகடுகளை மாற்றவும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். நகராட்சி மதிப்பீடுகளில் கருவியின் விலை இடம்பெறும் அளவிற்கு இச்செலவு இடம்பெறுவதில்லை.