கண்ணுக்குப் புலனாகாக் குறை

மோட்டார் வண்டி ஓடுவதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது. அதனை எரிக்கும் மின்பொறியும் வேண்டும். 1908 முதல் 1927 வரை அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' வகை வண்டிகளில், இப்பொறிக்கு மூலமாய் விளங்கியது மாக்னெட்டோ என்னும் கருவியாகும்.

எஞ்சினின் கனத்த சக்கரத்தில் 16 காந்தங்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவை, அசையாது நிற்கும் 16 கம்பிச் சுருள்களின் முன்னே சுழலும்போது மின்சாரம் தோன்றும். பெட்டியொன்றிலுள்ள 4 சுருள்கள் அதன் அழுத்தத்தை மிகுவித்துப் பொறியாக்கும்.

இவ்வண்டிகளை இன்றும் பேணுவோர் உளர். வண்டி இடையிடையே தடுமாறினால், அவர்கள் உடனே எஞ்சினைப் பிரிப்பதில்லை. முதலில் பாட்டரியின் துணையால் ஓட்டிப் பார்ப்பர். அப்பொழுது செவ்வனே ஓடி, மாக்னெட்டோவுக்கு மாற்றியதும் தடுமாறினால், குறை மாக்னெட்டோவின் பக்கமே என்பது தெளிவு.

பின்னர், மாக்னெட்டோவின் முனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே சிறு விளக்கொன்றை இணைப்பர். வேகம் கூடுந்தோறும் ஒளியும் கூடவேண்டும். மங்கியே நின்றால், மூன்று திருகாணிகளைக் கழற்றி அம்முனையை வெளியே எடுப்பர். நூற்பிசிறும் அழுக்கும் அதனடியில் படிந்திருத்தல் உண்டு. துடைத்துப் பொருத்தியதும் விளக்குப் பளிச்சிடுமாயின், வேலை முடிந்தது.

அவ்வாறு ஆகாவிடில், தாங்கிகள் தேய்ந்து இடைவெளி மிகுந்ததோ, காந்தங்கள் வலியிழந்தனவோ என ஆராய்வர். பாட்டரிக் கம்பியை அறியாது அம்முனையில் தொடுத்தால், காந்தங்கள் தம் வலிமையை இழந்துவிடும். பார்வைக்கு அவை முன்போலவே இருக்கும். சோதனை ஒன்றே உண்மையைக் காட்டும்.

எளியதை முதலிற் சோதித்து, அரியதைப் பின்னர்த் தொடுபவனே நல்ல தொழிலாளி.