இகுவானா வளர்க்க அனுமதி எதற்கு?



லோயர் கேம்ப்பில் ஓர் அறிவியல் கூட்டம் முடிந்ததும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், வீட்டில் இகுவானா வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா?" வேண்டும் என்றேன். "அது யாரையும் கடிக்காதே, பிறகு எதற்கு?" என்றான். நல்ல கேள்வி. விடைக்குச் சிறிது பௌதிகம் தேவை.

பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பெரிய பல்லியினம். கையளவுக் குட்டியாக வாங்கப்படுவது, வாலையும் சேர்த்து ஐந்தாறு அடி வளரும். இலை, பூ, பழம் உண்ணும். நன்றாக நீந்தும்.

நம் உடல் உணவை எரித்துத் தன் வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு வெப்பம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வரவேண்டும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் அவற்றின் உடலும் குளிர்ந்து தசைகள் செயலற்றுப்போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியும் விடப்பட்டும் இகுவானாக்கள் பெருகிவிட்டன. 2020 ஜனவரியில் அங்கே கடுங்குளிர் வந்தபோது, மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும் என்று மியாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது. குளிர் அங்கே ஓரளவு தடை.

லோயர் கேம்ப்பில் அத்தகைய குளிர் இல்லை. முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, பெருங்குழாய்களில் இறங்கி, மின்நிலையத்தைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் பாய்கிறது. வெயில், நீர், தழை மூன்றும் இங்கே உண்டு. தப்பிய ஒரு ஜோடிக்கு வேறென்ன வேண்டும்? இயற்கை போடாத தடையைச் சட்டம் போடவேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? நம் காட்டு உடும்பும் மலைப்பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். இகுவானா போன்ற அயல்நாட்டு உயிரினங்களின் வணிகத்தைச் 'சைட்ஸ்' என்னும் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. இந்தியா அதில் 1976இல் சேர்ந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் விதிகள் வெளிவந்தன. இவற்றின்படி, 'சைட்ஸ்' பட்டியலிலுள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளம் வழியே, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யவேண்டும். அது குட்டி போட்டாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முன்னதாகவே தனி அனுமதிகள் தேவை. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் உடைமைகளில் மலைப்பாம்புகளும் ஆமைகளும் பிடிபட்டது நினைவிருக்கலாம்.

பதிவேட்டின் பயன் இதுதான்: எந்த விலங்கு யாரிடம் உள்ளது என்று தெரிந்தால், ஒன்று காணாமற்போனதும் தேடலாம். ஆயிரமாகப் பெருகியபின் தேடிப் பயனில்லை. அந்த மாணவனிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், சார்" என்றான்.

பயிற்சி: உங்கள் வேலியிலுள்ள ஓணானை அதிகாலையிலும் நண்பகலிலும் தொடாமல் கவனியுங்கள். எப்போது விரைவாக ஓடுகிறது? காரணம் எழுதுங்கள்.